இடாத புள்ளியும் இசைத்தட்டும்

தந்தையார் மறைந்த பின் அவருடைய இசைத்தட்டுகள் இரண்டு மரப்பெட்டிகளில் நம் வீட்டுப் பரணில் பல ஆண்டுகள் கிடந்தன. பழைய கருவி எப்போதோ பழுதாகிவிட்டிருந்தது. சென்ற ஆண்டு ஒருவாறு மனம் தேறிப் புதிய டர்ன்டேபிள் ஒன்றை வாங்கினோம். 1963இல் எச்எம்வி வெளியிட்ட எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதத் தட்டைத்தான் முதலில் வைத்தோம். வீட்டிலிருந்த ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தில் காலியாக இருந்த துளைகளில் வடத்தைச் செருகி, ஒலிக்குமிழைக் கடைசிவரை திருப்பியும், தொலைவில் யாரோ தகரக் குழாய்க்குள் பாடுவது போலத்தான் கேட்டது. தம்புராவே இல்லை. அம்மா சற்று நேரம் கேட்டுவிட்டு, "இது எம்.எஸ். குரல் இல்லையேப்பா" என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

கடைக்காரர் முள்ளை மாற்றச் சொன்னார். மற்றொரு கடையில் டர்ன்டேபிளைப் போல் இருமடங்கு விலையுள்ள வால்வுக் கருவி ஒன்றைக் காட்டினார்கள். உண்மையில் குறை முள்ளிலும் இல்லை, தட்டிலும் இல்லை. இடையில் இருக்க வேண்டிய ஒரு சிறு பெட்டி இல்லை, அவ்வளவே. அதன் பெயர் போனோ ப்ரீஆம்ப்ளிஃபயர். தமிழில் முன்பெருக்கி என்று சொல்லிக்கொள்ளலாம். எதை வாங்குவது என்று தேடப் புகுந்த நாம், எதற்காக அப்படி ஒன்று இருக்கிறது என்ற வரலாற்றுக்குள் போய்ச் சேர்ந்தோம். இலக்கியம் படிப்பவர்களுக்கு அந்த வரலாறு அத்தனை அந்நியமானதன்று என்பதால் இங்கே எழுதுகிறோம்.

தொடக்க காலத்தில் மின்சாரத்துக்கே இதில் வேலை இல்லை. பாடகர் ஒரு பெரிய கொம்புக் குழாயின் வாயருகே நின்று உரக்கப் பாடுவார். அந்த அதிர்வே ஓர் ஊசியை அசைத்து மெழுகில் தடத்தைக் கீறும். 1902 நவம்பரில் ஃப்ரெட் கைஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பதிவு செய்ததும், நம் கோயம்புத்தூர் தாயி போன்றோர் பாடியதும் இம்முறையில்தான். குழாய் எதைப் பிடித்ததோ அதுவே தட்டில் இருந்தது.

1925இல் நிலைமை மாறியது. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தார் உருவாக்கிய மின்வழிப் பதிவு முறையை விக்டர், கொலம்பியா ஆகிய பெருநிறுவனங்கள் அவ்வாண்டே ஏற்றுக்கொண்டன. மைக்ரோபோன் வந்தது, குழாய்க்கு எட்டாதிருந்த தாழ்ந்த ஒலிகளும் தட்டுக்கு வந்தன. கூடவே ஒரு சிக்கலும் வந்தது. ஒரே அளவு ஓசை உள்ள இரண்டு ஒலிகளை இம்முறையில் உள்ளபடியே வெட்டினால், அதிர்வெண் பாதியாகும் போதெல்லாம் ஊசியின் பக்கவாட்டு அசைவு இருமடங்காகும். 1,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஊசி அசையும் அளவைப் போல் 20 மடங்கு, 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அசைய வேண்டும். அப்படி அசைந்தால் தடம் பக்கத்துத் தடத்தின் சுவரை உடைத்துக்கொண்டு போய்விடும். அகல அகலமாக வெட்டலாம் என்றால் தட்டில் பாட்டுக்கு இடம் போதாது. எனவே பொறியாளர்கள் ஒன்று செய்தார்கள். ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ள ஒலிகளை வேண்டுமென்றே குறைத்து வெட்டினார்கள். பின்னாளில் இதற்கு மறுதலையாக மேல் ஒலிகளைக் கூட்டியும் வெட்டினார்கள். தட்டுக்கே உரிய உராய்வு இரைச்சல் மேல் அதிர்வெண்களில்தான் துருத்தித் தெரியும். பாட்டின் மேல் ஒலிகளைக் கூட்டி வெட்டிவிட்டுக் கேட்கும்போது குறைத்தால், இரைச்சலும் சேர்ந்து குறையும்.

இங்கேதான் நமக்கு ஓலைச்சுவடி நினைவுக்கு வந்தது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும் ஏடெழுதினோர் பெரும்பாலும் புள்ளி இடவில்லை. எழுத்தாணி முனை அழுந்தினால் ஓலை பொத்துவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் படிப்பவரே இடம் நோக்கிப் பிரித்தறிய வேண்டும். எழுதியவர் அறியாமையால் விட்டதன்று அது. எழுதப்படும் பொருள் தாங்காது என்பதால் விட்டது. விட்டதைப் படிப்பவர் இட்டுக்கொள்வார் என்ற நம்பிக்கையும் அதில் இருந்தது. இசைத்தட்டுக்காரர்கள் செய்ததும் இதுவே. தடம் தாங்காத தாழ்ந்த ஒலியை விட்டார்கள். கேட்பவர் தம் கருவியில் அதை மீட்டுக்கொள்வார் என்று நம்பினார்கள்.

நம்பிக்கை சரி, எவ்வளவு மீட்பது? அதில்தான் குழப்பம் விளைந்தது. ஒரு நிறுவனம் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைத்தது, மற்றொன்று 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே. மேல் ஒலியைக் கூட்டுவதிலும் ஒவ்வொருவர் வழி ஒவ்வொன்று. 1948 ஜூனில் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும் நீள்தட்டை, அதாவது எல்பியை அறிமுகப்படுத்தியது. 1949இல் ஆர்சிஏ விக்டர் 45 சுற்றுத் தட்டைக் கொண்டுவந்தது. தடங்கள் நுண்ணியவையாகிப் பாட்டின் நீளம் கூடக் கூட, இந்தக் குறைத்தலும் கூட்டலும் இன்றியமையாதவை ஆயின. ஆனால் ஆளுக்கொரு கணக்கு மட்டும் மாறவில்லை. ஒரே பாடலை இரு நிறுவனங்களின் தட்டில் வாங்கினால் இரு வேறு நிறத்தில் கேட்கும்.

அந்தக் காலத்தில்தான் நியூயார்க்கின் கியூ கார்டன்ஸ் பகுதியில் வாழ்ந்த சால் மரான்ட்ஸ் என்ற வடிவமைப்பாளர், இசை கேட்பதில் இருந்த ஆர்வத்தால் தம் வீட்டிலேயே ஒரு முன்பெருக்கியைக் கட்டினார். எந்த நிறுவனத்துத் தட்டை வைத்தாலும் அதற்கேற்ற கணக்கைக் குமிழ் திருப்பித் தேர்ந்துகொள்ளலாம் என்பது அதன் சிறப்பு. நண்பர்கள் தமக்கும் வேண்டும் என்று கேட்டார்கள், அது தொழிலாயிற்று, பிற்காலத்தில் பெயர் பெற்ற மரான்ட்ஸ் நிறுவனம் அப்படித்தான் பிறந்தது. பாடபேதங்களை அறிந்த பதிப்பாசிரியரின் வேலையை அந்தக் குமிழ்கள் செய்தன என்று சொல்லத் தோன்றுகிறது.

1954இல் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் ஒரே கணக்கை முடிவு செய்தது. ஆர்சிஏ விக்டர் ஓராண்டுக்கு முன் புகுத்தியிருந்த கணக்கே பொதுக்கணக்கு ஆயிற்று. சங்கத்தின் பெயரெழுத்துகளைக் கொண்டு அதை ஆர்ஐஏஏ வளைவு என்று இன்றும் அழைக்கிறார்கள். அதன்படி, கேட்கும் கருவி 20 ஹெர்ட்ஸ் ஒலியை ஏறத்தாழ 19 டெசிபல் உயர்த்த வேண்டும். 20,000 ஹெர்ட்ஸ் ஒலியை ஏறத்தாழ 20 டெசிபல் தாழ்த்த வேண்டும். இரு முனைகளுக்கும் இடையில் மின்னழுத்தக் கணக்கில் ஏறக்குறைய 90 மடங்கு வேறுபாடு. ஒப்பந்தத்தில் கேட்பவர் பங்கு இத்தனை பெரியது. அதைச் செய்யாமல்தான் நாம் அம்மாவுக்கு எம்.எஸ்.ஸைப் போட்டுக் காட்டினோம்.

முன்பெருக்கிக்கு இன்னொரு வேலையும் உண்டு. முற்காலத்தில் பலரும் பயன்படுத்திய படிகத் தலைகள் தாமே போதிய மின்னழுத்தம் தந்தன. முள்ளின் அசைவின் அளவுக்கேற்ப இயங்கும் இயல்பால், தாழ்ந்த ஒலியையும் ஒருவாறு சரிக்கட்டிவிட்டன. 1940களின் பிற்பகுதியிலிருந்து காந்தத் தலைகள் பரவின. இவை தட்டுக்கு மென்மையானவை, துல்லியமானவை; ஆனால் இவற்றின் குரல் மிகச் சிறியது. இன்று சாதாரண டர்ன்டேபிளோடு வரும் நகர்காந்தத் தலை தருவது சுமார் 5 மில்லிவோல்ட்தான். அதை 100 மடங்காவது பெருக்கினால்தான் ஆம்ப்ளிஃபயர் ஏறெடுத்துப் பார்க்கும்.

நெடுங்காலம் இந்த வேலை ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே நடந்தது. 'போனோ' என்று எழுதிய ஒரு தனித் துளை எல்லாக் கருவியிலும் இருந்ததால், உள்ளே நடப்பதை யாரும் அறிய வேண்டியிருக்கவில்லை. 1982இல் குறுந்தகடு வந்தது. 1990களில் அந்தத் துளையை ஒவ்வொரு நிறுவனமாக விட்டுவிட்டது. உள்ளே இருந்த சுற்று வெளியே தனிப்பெட்டியாக வந்து நின்றது. பின்னர் இசைத்தட்டுகள் மீண்டும் விற்கத் தொடங்கி, 2020இல் அமெரிக்காவில் குறுந்தகட்டின் வருவாயை முந்தியபோது, புதிதாகத் தட்டு வாங்கிய பலர் நம்மைப் போலவே தகரக் குழாய் ஓசை கேட்டுத் திகைத்திருப்பார்கள்.

மலிவான பெட்டி போதுமா என்ற கேள்விக்கும் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. 1979இல் ஸ்டான்லி லிப்ஷிட்ஸ் என்பவர், ஆர்ஐஏஏ வளைவை மின்சுற்றில் அமைப்பதற்கான கணக்கை முழுமையாக வகுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அதுவரை புழங்கிய சூத்திரங்கள் பலவற்றில் பிழை இருந்ததை அது காட்டியது. ஏறக்குறைய அதே காலத்தில் 5532 என்ற எண் கொண்ட, இரைச்சல் குறைந்த சில்லும் சந்தைக்கு வந்தது. கணக்கும் பொதுவில் இருக்கிறது, சில்லும் மலிவு. ஆகவே ஒழுங்காகச் செய்த எளிய பெட்டி ஒன்று, அதற்கு முந்திய காலத்து விலையுயர்ந்த கருவிகள் சிலவற்றைவிடவும் வளைவைச் சரியாகப் பின்பற்றக்கூடும். விலை கூடும்போது கிடைக்கும் நன்மைகள் வேறு: இரைச்சல் இன்னும் குறைவு, நகர்சுருள் தலைகளுக்கான கூடுதல் பெருக்கம், நல்ல மின்வழங்கி.

வாங்குவோர் பார்க்க வேண்டியவை சிலவே. முதலில் டர்ன்டேபிளின் பின்புறத்தைப் பாருங்கள். 'போனோ', 'லைன்' என்று மாற்றும் பொத்தான் இருந்தால் உள்ளேயே முன்பெருக்கி இருக்கிறது, வேறொன்று தேவையில்லை. இல்லையென்றால், தலை நகர்காந்த வகையா என்று அறிந்து, 47 கிலோ ஓம் தடையும் 40 டெசிபல் அளவு பெருக்கமும் உள்ள பெட்டியைத் தேடுங்கள். ஆர்ட் டிஜே ப்ரீ 2 போன்ற எளிய பெட்டிகளில்கூடப் பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழும், தலைக்கேற்ப மின்தேக்கத்தை மாற்றும் பொத்தானும் உண்டு. தரைக்கம்பி பொருத்தும் திருகு கட்டாயம் இருக்க வேண்டும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; 1,000 ஹெர்ட்ஸ் ஒலியோடு ஒப்பிட, அந்த இடத்தை இப்பெட்டி ஏழு மடங்கு உயர்த்திக் காட்டும். கம்பியை விட்டுவிட்டால் சுப்ரபாதத்தோடு வண்டும் சேர்ந்து பாடும்.

நாம் வாங்கியது டர்ன்டேபிள் விலையில் ஐந்திலொரு பங்குக்கும் குறைவான பெட்டி. பொருத்திய அன்று மாலை அதே தட்டை வைத்தோம். முதலில் தம்புரா வந்தது. அடுக்களையில் இருந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, வந்து உட்கார்ந்தார். தட்டின் அந்தப் பக்கம் முடியும்வரை எழவில்லை.

கதை அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் பெட்டியில் 78 சுற்றுத் தட்டுகளும் இருந்தன, கிட்டப்பாவினுடையதும் ஒன்று. நம் டர்ன்டேபிளில் 78 வேகம் உண்டு. எல்பிக்கான முள் சுமார் 18 மைக்ரான். பழைய தட்டின் அகன்ற தடத்துக்குச் சுமார் 75 மைக்ரான் முள் வேண்டும் என்றறிந்து அதையும் வாங்கினோம். பாட்டு வந்தது, ஆனால் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல மங்கிக் கேட்டது. அந்தக் குரலா இது என்று ஏமாற்றமாக இருந்தது. பிறகுதான் உறைத்தது. கிட்டப்பா மறைந்தது 1933இல்; ஒப்பந்தம் எழுதப்பட்டது 1954இல். அவர் காலத்துத் தட்டில் மேல் ஒலிகளை இந்தக் கணக்கில் கூட்டி வெட்டவில்லை. நம் பெட்டியோ, கூட்டியிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டு, 5,000 ஹெர்ட்ஸ் ஒலியை ஐந்தில் இரண்டு பங்காகக் குறைத்துவிடுகிறது. புள்ளி இட்ட எழுத்துக்கு மேல் இன்னொரு புள்ளி வைத்த கதைதான்.

இதற்கு வழி இருக்கிறது. கணக்கை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள முன்பெருக்கிகள் உண்டு, விலை கூடுதல். எந்தக் கணக்கும் செய்யாமல் கணினியில் பதிந்துகொண்டு, பிறகு மென்பொருளில் அந்தக் காலத்துக்குரிய வளைவை இடுவது மலிவான வழி. நாம் இப்போது அதைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

நம்மைக் கவலைப்படுத்துவது வேறு. பழைய தட்டுகளை இன்று பலர் அன்போடு எண்மமாக்கிப் பொதுவில் வைக்கிறார்கள். எந்த முள், எந்த வேகம், எந்த வளைவு என்ற குறிப்பு பலவற்றில் இருப்பதில்லை. தொடக்ககாலத் தட்டுகள் சரியாக 78 சுற்றில் பதியப்பட்டவையும் அல்ல. வேகம் மாறினால் பாடகர் எத்தனைக் கட்டைச் சுருதியில் பாடினார் என்பதே மாறிவிடும். அதைக் கேட்டுவிட்டு, இவர் குரல் மங்கல், அவர் குரல் கீச்சு என்று நாம் தீர்ப்பு எழுதுகிறோம். ஏட்டைப் பிழையாகப் படித்துவிட்டுப் புலவரைக் குறை சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. தட்டை எண்மமாக்குவோர் ஒரு வரிக் குறிப்பாவது சேர்த்து எழுதிவைத்தால், பின்னால் வருகிறவர் திருத்திக்கொள்ள இடமிருக்கும்.

தந்தையார் தம் தட்டுகளின் உறையில் வாங்கிய தேதியை மட்டும் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறார். கிட்டப்பாவின் உறையில் அந்தத் தேதிக்குக் கீழே, எந்த முள்ளில் எந்த வேகத்தில் பதிந்தோம் என்பதை நாமும் பென்சிலாலேயே எழுதியிருக்கிறோம். வளைவுக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறோம்.