போவோம்: பழக்க இறந்தகாலம்

முன்பொரு காலத்தில் திரும்பத் திரும்ப நடந்துவந்த செயலைச் சொல்லும் வினைவழக்கு பழக்க இறந்தகாலம். தமிழில் இதற்கென்று தனி இடைநிலை கிடையாது. ப், வ் இடைநிலைகள் முதலான எதிர்கால வடிவங்களே இந்த வேலையையும் செய்கின்றன. ஸ்பானிய மொழியில் இதே பணிக்குத் தனி வினைவாய்பாடு உண்டு.

தமிழில் இவ்வழக்கு செழித்திருப்பது வாய்மொழியில். இலங்கையின் பதுளை மாவட்டத்தில் பசறைக்கு அப்பால் மலைமேல் இருக்கும் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டங்களில் வயதானவர்கள் பழைய நாட்களைப் பேசும்போது பேச்சு ஏறக்குறைய இப்படி அமையும்: “வெள்ளக்காரத் தொர காலத்துல வெடியக்காலமே தப்பு அடிப்பாங்க. எந்திரிச்சு பெரட்டுக்கு (காலையில் ஆளெடுக்கும் இடத்துக்கு) போவோம். கங்காணி பேரு கூப்புடுவாரு. பிந்திப் போனா வேல குடுக்கமாட்டாங்க. மழ விடாமப் பெய்யும், கம்பளியப் போட்டுக்கிட்டு மலைக்குப் போவோம்.” அடிப்பாங்க, போவோம், கூப்புடுவாரு, பெய்யும் ஆகிய நான்கும் வடிவத்தில் எதிர்காலம், பொருளில் பல பத்தாண்டுகளுக்கு முந்தியவை. கேட்பவர் யாரும் குழம்புவதில்லை. தொடக்கத்தில் வந்த ‘தொர காலத்துல’ என்ற ஒரு தொடர், பின்னால் வரும் எல்லா வினைகளையும் பழைய காலத்துக்குள் வைத்துவிடுகிறது.

கதை நடுவில் “ஒரு நாளு மண்ணு சரிஞ்சிச்சு, எல்லாரும் ஓடுனோம்” என்று வினை மாறினால், பழக்கம் நின்று நிகழ்ச்சி தொடங்குகிறது. போவோம் என்பது அன்றாடம். போனோம் என்பது அந்த ஒரு நாள். நல்ல கதைசொல்லி இந்த மாற்றத்தை நினைத்துச் செய்வதில்லை. ஆனால் கேட்பவர் நிமிர்ந்து உட்காரும் இடம் அதுதான்.

‘போ’ என்ற வினை இவ்வழக்கில் போவேன், போவோம், போவாய், போவீர்கள், போவான், போவாள், போவார், போவார்கள், போகும் என்று வரும். பேச்சில் போவார்கள் என்பது போவாங்க ஆகும். எதிர்மறையில் உயர்திணைக்குப் போகமாட்டோம், போகமாட்டாங்க, அஃறிணைக்குப் போகாது. இலங்கைத் தமிழில் இன்னொரு வழியும் உண்டு: “அப்பெல்லாம் நடந்துதான் போறது.” இங்கே இடமும் பாலும் உதிர்ந்து பழக்கம் மட்டும் நிற்கிறது.

ஸ்பானிய மொழியில் ‘இர்’ என்றால் போதல். அதன் முற்றுப்பெறா இறந்தகாலம்: இபா, இபாஸ், இபா, ஈபமோஸ், இபைஸ், இபான். தன்மை ஒருமைக்கும் படர்க்கை ஒருமைக்கும் ஒரே இபா என்பதால், யார் போனது என்று தெளிவாக்க அங்கே சில சமயம் பிரதிப்பெயர் தேவைப்படும். தமிழில் விகுதியே சொல்லிவிடும். ஒழுங்கான வினைகளில் ‘ஆர்’ ஈற்றவை ஆபா என்றும், ‘ஏர்’, ‘இர்’ ஈற்றவை ஈயா என்றும் முடியும். இந்தக் காலத்தில் ஒழுங்கு மீறும் வினைகள் மூன்றே: இர், சேர், வேர் (போதல், ஆதல், காணல்). ஸ்பானிய மொழியின் மற்றக் காலங்களோடு ஒப்பிட்டால் இது கற்பதற்கு மிக எளிது. 1492இல் வெளிவந்த தம் ஸ்பானிய இலக்கணத்தில் அன்டோனியோ டே நெப்ரிஹா இதற்கு ‘முடிவுறாத இறந்தகாலம்’ என்ற பொருளில் பெயர் வைத்தார்.

ஸ்பானிய மொழி கற்கும் தமிழ் மாணவர் இடறுவது வடிவத்தில் அல்ல, எல்லையில். இபா என்ற ஒரே சொல்லைத் தமிழ் இரண்டாகப் பிரிக்கிறது. தினமும் போனதற்குப் ‘போவேன்’. போகும் வழியில் ஏதோ நடந்ததற்குப் ‘போய்க்கிட்டிருந்தேன்’. நிலையைச் சொல்லும்போது இன்னும் நுட்பம் வேண்டும். “லயத்துல பத்துக் காம்பரா இருந்திச்சு” என்பது நிலையான இருப்பு. “மழ பேஞ்சா வாசல் சேறா இருக்கும்” என்பது மீண்டும் மீண்டும் வந்த நிலை. ஸ்பானிய மொழி இரண்டையும் முற்றுப்பெறா இறந்தகாலத்திலேயே சொல்லும்.

பழைய தமிழ் இலக்கணக்காரர்கள் இந்தப் பழக்க இறந்தகாலத்தைக் கவனிக்காமல் விடவில்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரம் காலங்கள் மயங்குவதை ஏற்கிறது. உரையாசிரியர்கள் அதற்குக் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, முன்னாளில் ஒரு சோலையில் விளையாடி வந்தவர்களை எதிர்கால முற்றால் சொல்வது. நன்னூலும் இயல்பு காரணமாகக் காலம் பிறழலாம் என்கிறது. இவர்கள் இதை வழுவமைதி என்ற தலைப்பில் வைத்தது மட்டும் பொருத்தமாகப் படவில்லை. இத்தனை ஒழுங்காக இயங்கும் ஒரு வழக்கைப் பொறுத்துக்கொள்ளப்பட்ட பிழையாக எண்ண வேண்டியதில்லை. வ், ப் ஆகியவற்றின் அடிப்படைப் பொருள்களில் பழக்கமும் ஒன்று என்பதே சரி.

தோட்ட மக்களின் வாய்மொழி வரலாற்றை எழுத்தாக்குவோர்க்கு இது நடைமுறைச் சிக்கல். ‘போவோம்’ என்று சொன்னதைப் ‘போனோம்’ என்று திருத்தினால் பல்லாண்டு உழைப்பு ஒரு நாள் சம்பவமாகச் சுருங்கும். ‘போவது வழக்கம்’ என்று எழுதினால் ‘நாங்கள்’ காணாமல் போகும். சொன்னவரின் வினையை அப்படியே விடுவதுதான் நேர்மை.

அப்படி விடும்போது காலத்தைக் காட்டும் பொறுப்பு முழுக்கத் தொடக்கத் தொடரின்மேல் விழுகிறது. ‘கம்பனி காலத்துல’ என்று ஒருவர் தொடங்கினால், அது கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையான 1975க்கு முந்தியதா, நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் போன 1992க்குப் பிந்தியதா என்று அப்போதே கேட்டுவிட வேண்டும். இரண்டுக்கும் வினை போவோம்தான். கொழுந்தெடுக்கும் பெண்கள் இன்றும் மலைக்குப் போகிறார்கள். “வெடியக்காலமே மலைக்குப் போவோம்” என்று அவர்களில் ஒருவர் சொன்னால், அந்தப் பழக்கம் முடிந்துபோனதா தொடர்கிறதா என்பதையும் வினை சொல்லாது.