திரையில் வழியும் குருதி



2004ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 25ஆம் நாள், கத்தோலிக்கர் தவக்காலத்தைத் தொடங்கும் விபூதிப் புதனன்று, அமெரிக்க நாட்டுத் திரையரங்குகளில் ஒரு படம் வெளியாயிற்று. மெல் கிப்சன் என்னும் நடிகர் நெறியாள்கை செய்த 'கிறிஸ்துவின் பாடுகள்' என்பது அது. பேச்செல்லாம் அறமேயம், இலத்தீன், எபிரேயம் ஆகிய பழைய மொழிகளில். ஏறத்தாழ 3 கோடி டொலர் செலவில் எடுக்கப்பட்ட அப்படம் உலகெங்கும் 60 கோடி டொலருக்கு மேல் ஈட்டியது. ஆலயச் சபையினர் அரங்குகளை முழுமையாகப் பதிவு செய்து கூட்டங்கூட்டமாகச் சென்று பார்த்தனர். கண்ணீர் விட்டவர் பலர்; பார்க்க இயலாது எழுந்து சென்றவரும் உளர். கசையடிக் காட்சி மட்டும் பத்து நிமிடத்தை ஒட்டி நீளுகிறது. சமயப் படமொன்றிலே இத்துணைக் குருதி வேண்டுமா என்னும் வினா அன்று எழுந்தது. இன்றும் அது ஓயவில்லை.

வேண்டும் என்போர் முதன்மையாகக் கூறும் காரணம், 'நடந்தது அதுதானே' என்பதாகும். இது வரலாற்றின் பெயரால் சொல்லப்படும் காரணமாதலால், வரலாற்றைக் கொண்டே அதனைச் சோதித்தல் பொருத்தமாகும்.

நற்செய்தி நூல்கள் நான்கினையும் புரட்டிப் பார்ப்பவர் ஒரு செய்தியைக் கண்டு வியப்படைவர். மத்தேயுவும் மாற்கும் கசையடியைக் கிரேக்க மூலத்தில் ஒரேயொரு சொல்லால், அதுவும் ஓர் எச்சச் சொல்லால், சொல்லிவிட்டு மேலே செல்கின்றனர். யோவானும் ஒரு சிறு வாக்கியத்தோடு நிறுத்துகிறார். லூக்காவில் தண்டித்து விட்டுவிடுவேன் என்று பிலாத்து சொல்வது உண்டேயன்றி, அடித்த செய்தி இல்லை. சிலுவையில் அறைந்தமையும் இவ்வாறே சுருங்கிய சொற்களில் முடிகிறது. எத்தனை அடி, எவ்வகைச் சாட்டை, எங்கே ஆணி என்ற விவரம் எதுவுமில்லை.

இச்சுருக்கம் நெஞ்சின்மையால் வந்ததன்று. அந்நூல்களை முதலிற் கேட்டவர்கள் உரோமப் பேரரசின் குடிகள். ஊர்ப்புறச் சாலையோரத்தில் மனிதர் சிலுவையில் தொங்குவதைக் கண்டு வளர்ந்தவர்கள். கி.மு. 71இல் ஸ்பார்ட்டக்கஸின் அடிமைக் கிளர்ச்சி அடக்கப்பட்டபோது, கபுவா நகரிலிருந்து உரோமாபுரி வரையான நெடுஞ்சாலையிலே ஆறாயிரம் பேர் வரிசையாகச் சிலுவையேற்றப்பட்டனர். அத்தகைய உலகிலே வாழ்ந்தோருக்குச் சிலுவை என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. சொல்லை உச்சரித்த மாத்திரத்தில் உடல் நடுங்கியிருக்கும்.

அந்நடுக்கம் இருந்த காலம் வரை கிறித்தவர் அக்காட்சியை வரையவும் தயங்கினர். உரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைச் சுவர்களிலே ஆட்டுக்குட்டியைத் தோளிற் சுமந்த நல்லாயனைக் காண்கிறோம். சிலுவையில் தொங்கும் உடலை அங்கே தேடினாற் கிடைக்காது. அந்நகரின் சாந்தா சபீனா ஆலயத்துக் கதவில், ஐந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் செதுக்கப்பட்ட உருவம், பொது ஆலயமொன்றில் எஞ்சியுள்ள மிகப் பழைய சிலுவைக் காட்சிகளுள் ஒன்று. அதிலே யேசு கண்களைத் திறந்தபடி நிற்கிறார்; வேதனையின் சாயலே இல்லை. அதற்குள் அத்தண்டனை வழக்கொழிந்துவிட்டது. சிலுவைச் சாவைக் கண்ணாற் கண்டவர் எவரும் உயிரோடிராத காலத்திலேதான் கலைஞர் மெல்ல மெல்ல உயிர் நீங்கிய உடலையும், பின்னர் காயத்தையும் காட்டத் தொடங்கினர். பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த கொலோன் பேராலயத்து மரச் சிலுவையில் தலை சாய்ந்து வயிறு தளர்ந்த சடலத்தைக் காணலாம்.

இவ்வளர்ச்சியின் உச்சம் என்று யான் கருதுவது, மத்தியாஸ் குருனவால்ட் 1512க்கும் 1516க்கும் இடையில் இசென்ஹைம் என்னும் ஊரின் மடாலயத்துக்குத் தீட்டிய பீட ஓவியம். இப்பொழுது அது பிரான்சு நாட்டின் கொல்மார் நகரத்து அரும்பொருட்சாலையில் உள்ளது. அதனைப் போன்ற கொடுந்தோற்றத்தை வேறெங்கும் காண்டல் அரிது. விரல்கள் முறுகி வானை நோக்கி விறைத்திருக்கின்றன. தோல் பச்சை பாரித்து, உடலெங்கும் கொப்புளமும் புண்ணுமாய் இருக்கிறது. இது வெறும் மிகைப்படுத்தல் என்று தள்ளிவிட இயலாது. அம்மடாலயத்துத் துறவிகள் 'அந்தோனியார் நெருப்பு' எனப்பட்ட நோயினரைப் பேணியவர்கள். பூஞ்சணம் பற்றிய தானியத்தை உண்பதால் வரும் அந்நோய், தோலைப் புண்ணாக்கிக் கைகால்களை அழுகச் செய்வது. நோயாளர் அவ்வோவியத்தின் முன் கொணரப்பட்டனர். தம் உடலில் இருந்த புண்களையே அவர்கள் அங்கே கண்டனர். ஊரார் முகம் திருப்பிய உடலை ஒருவர் தமதாக ஏற்றிருக்கக் கண்ட அந்நோயாளர் அடைந்த ஆறுதலை, நலமுள்ள நாம் முழுதும் அறிய வல்லோமா?

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான ஒன்றுண்டு. கோவையில் பிறந்து 1705இல் இலங்கைக்கு வந்து, ஒல்லாந்தர் ஆட்சியிலே கத்தோலிக்க சமயம் ஒடுக்கப்பட்ட காலத்தில் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதி, 1742இல் போலவத்தையில் மறைந்தவர் யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார். (ஈண்டுக் கோவை என்றது போர்த்துக்கேயர் ஆண்ட கோவாப் பட்டினத்தை, கோயம்புத்தூரையன்று.) அவர் இயற்றியதாகப் போற்றப்படும் 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்திலே நம் கரையோர ஆலயங்களில் ஒப்பாரியின் இராகத்தோடு படிக்கப்பட்டு வந்திருக்கிறது. அதிலும் காயம் உண்டு, குருதி உண்டு. ஆனால் கேட்பவர் அவற்றைத் தம் அகக்கண்ணால், தம்மால் தாங்க இயலும் அளவுக்கே காண்கிறார். பக்கத்தில் அழுபவர் அயல்வீட்டுக்காரர். அவ்வாண்டு மகனை இழந்த தாய் ஒருத்தியும் அக்கூட்டத்தில் இருப்பாள். அவளுடைய அழுகை எவ்விடத்தில் யேசுவுக்கானது, எவ்விடத்தில் மகனுக்கானது என்று யார் பிரித்துச் சொல்வது?

இனித் திரைப்படத்துக்கு வருவோம். படக்கலை பிறந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே பாடுகளின் கதை திரைக்கு வந்துவிட்டது. 1898இல் நியூயோர்க்கிலே, ஒபரம்மர்காவ் என்னும் ஜேர்மன் மலையூரின் புகழ்பெற்ற திருப்பாடுகளின் நாடகம் என்று விளம்பரப்படுத்திக் காட்டப்பட்ட படம், உண்மையில் அந்நகரத்துக் கட்டடமொன்றின் மொட்டை மாடியிலே எடுக்கப்பட்டது என்பது சுவையான செய்தி. அக்காலத்தில் அஞ்சப்பட்டது குருதியன்று, முகமே. 1913இல் பணி தொடங்கிய பிரித்தானியத் தணிக்கைச் சபை முதலில் வகுத்த விதிகள் இரண்டே. நிர்வாணம் கூடாது என்பது ஒன்று; கிறிஸ்துவை உருவாகக் காட்டக்கூடாது என்பது மற்றொன்று. 1959இல் வந்த 'பென்ஹர்' படத்திற்கூட யேசுவின் முகம் நமக்குக் காட்டப்படுவதில்லை. முகத்தையே மறைத்த நிலையிலிருந்து ஒவ்வோரடியையும் அண்மையில் நின்று காட்டும் நிலைக்கு வர 45 ஆண்டுகளே சென்றன.

தென் இத்தாலியிலே மத்தேரா என்னும் பழைய ஊர் உள்ளது. பாறையைக் குடைந்த வீடுகளும் குறுகிய படிகளும் கொண்டது. எருசலேமாகக் காட்டுவதற்கு ஏற்றது என்று கருதி இரண்டு நெறியாளர் அங்கே படமெடுத்தனர். ஒருவர் கிப்சன். அவருக்கு 40 ஆண்டு முந்தியவர் பசோலினி. அவர் கடவுள் நம்பிக்கை அற்றவர், பொதுவுடைமைவாதி. எனினும் 1964இல் வெளியான தம் 'மத்தேயுவின் நற்செய்தி'யை இருபத்துமூன்றாம் அருளப்பர் பாப்பரசரின் நினைவுக்குப் படைத்தார். தொழில்முறை நடிகரைத் தவிர்த்து, யேசுவாக ஸ்பானிய மாணவர் ஒருவரையும், முதிய மரியாளாகத் தம் சொந்தத் தாயையும் நடிக்கச் செய்தார். குருமாரின் விசாரணையைக் கமரா கூட்டத்தின் பின்னே நின்று, முன் நிற்பவர் தலைகளுக்கூடாக எட்டிப் பார்க்கிறது. சரியாகத் தெரியவில்லையே என்று நாமும் தவிக்கிறோம். சிலுவையடியில் அத்தாயின் முகம் துயரத்தால் உடைகிறது. அம்முகத்தைப் பார்த்தபின் ஆணியின் நீளத்தை எவரும் கேட்கமாட்டார்.

கிப்சனுக்கும் நியாயம் செய்ய வேண்டும். அமெரிக்கப் படங்கள் பலவற்றிலே யேசு வெண்ணாடை கலையாமல், வாரிய தலைமயிரோடு, நோவே அறியாதவர் போல் இறந்தார். சிலுவை ஓர் அரசாங்கக் கொலைக் கருவி என்பது மறந்தே போயிருந்தது. அம்மறதியைக் கிப்சன் கலைத்தார். அது சிறு பணியன்று. ஆனால் 'நடந்தது அதுதானே' என்பதை யான் ஏற்கேன். நற்செய்தியில் இல்லாத நிகழ்ச்சிகள் பலவற்றை அவர் பெற்றது, அன்னா கத்தரீனா எமரிக் என்னும் ஜேர்மன் துறவியின் காட்சிகளாகக் கவிஞர் பிரெந்தானோ எழுதி 1833இல் வெளிவந்த நூலிலிருந்தாகும். உரோமத் தண்டனை முறையில் கைதி குறுக்குமரத்தைச் சுமப்பதே வழக்கம் என்பர் ஆய்வாளர். படத்தில் கள்வர் அவ்வாறே சுமக்க, யேசு மட்டும் முழுச் சிலுவையைச் சுமக்கிறார். பிலாத்துவோடு பேச அக்கீழ்த்திசை நாட்டிலே கிரேக்கமே பெரிதும் பயன்பட்டிருக்கும். படத்தில் இலத்தீனே ஒலிக்கிறது. இவை கலைஞனுக்குரிய உரிமை. ஆயின் உரிமையை எடுத்துக்கொண்டவர் வரலாற்றைச் சான்றுக்கு அழைத்தல் முறையன்று.

இதனினும் பாரதூரமான பொருள் ஒன்றுண்டு. அடிபடும் உடலை நீண்ட நேரம் பார்ப்பவர் மனத்தில் இரக்கத்தோடு சினமும் வளர்கிறது. அச்சினம் ஓர் ஆளைத் தேடும். இடைக்கால ஐரோப்பாவில் அது தேடிக் கண்டது யூத மக்களை. பெரிய வெள்ளியன்று கதவடைத்து வீட்டினுள் இருப்பதே அவர்க்குக் காவலாயிற்று. ஒபரம்மர்காவ் நாடகத்தை அதன் முந்நூறாம் ஆண்டாகிய 1934இல் வந்து பார்த்தவர்களுள் ஹிட்லரும் ஒருவர். 1965 ஒக்ரோபர் 28இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், யேசுவின் சாவுக்கு யூத இனத்தார் அனைவரையும் பொறுப்பாக்குதல் ஆகாது என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டி வந்தது இதனாலேயாம். கிப்சனின் படத்தில் சாட்டை உரோம வீரர் கையில்தான் இருக்கிறது; ஆனால் ஆலயக் குருமார் நின்று பார்க்கின்றனர். இரத்தப்பழி எங்கள் மேல் என்று கூட்டம் கூவும் மத்தேயுவின் வசனம், எதிர்ப்புக்குப் பின் கீழெழுத்திலிருந்து நீக்கப்பட்டது. அறமேயப் பேச்சில் ஒலியாக அது நின்றுவிட்டது.

பாடசாலையில் நெடுநாள் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். போரைப் பற்றிய பாடத்தில் இறந்தோர் தொகையையும் கொலை செய்த விதத்தையும் மாணவர் மறப்பதில்லை. போர் ஏன் மூண்டது என்பதையே மறக்கின்றனர். கிப்சனின் படத்திலும் மலைப்பொழிவு சில கணங்களே வந்து மறைகிறது. இம்மனிதர் என்ன சொன்னார், ஏன் அதிகாரத்தார் அவரைக் கொல்லத் துணிந்தனர் என்பதை முன்பே அறிந்தவர் மட்டுமே அப்படத்தால் அறிய முடியும். அறியாதவருக்கு ஒரு மனிதன் அடித்துக் கொல்லப்படுவதே மிஞ்சும்.

கிப்சனுக்கும் இதிலே சிறிது ஐயம் இருந்திருக்கலாம். 2005 மார்ச்சில் அவரே படத்தைச் சுருக்கி மறுபடி வெளியிட்டார். முன்னர் அஞ்சி வராத முதியோரும் சிறுவரும் வரட்டும் என்பது நோக்கம். நீக்கப்பட்டவை ஐந்தாறு நிமிடங்கள். பெரும்பாலும் அடியும் ஆணியுமே. அவை போனபின்பும் கதை குறைவின்றி நடக்கிறது. அரங்குகள் மட்டும் இம்முறை நிரம்பவில்லை.