மலையாளப் புகையிலையும் நாசிக் வெங்காயமும்

2023 டிசெம்பர் 8ஆந் திகதி இந்திய அரசு வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. அதற்கு முன்னர் ஓகஸ்டில் 40 வீத ஏற்றுமதி வரி. ஒக்டோபர் இறுதியில் தொன் ஒன்றை 800 டொலருக்குக் குறைய விற்கக்கூடாதென்ற விதி. நான்கு மாதத்துக்குள் மூன்று கட்டளைகள். வளைகுடாவில் வாழும் எம்மவர் பலர் இதை வெறும் விலைச் செய்தியாகவே பார்த்தனர். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரின் பிள்ளைகளுக்கு இது பழகிய கதை. எங்கள் கதையில் வெங்காயத்துக்கு முன்னர் புகையிலை இருந்தது.

ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூருக்குப் போனது. வெற்றிலையோடு சேர்த்து மெல்லுகிற கனத்த, காரமான இலை. எங்களூரில் அதற்கு 'மலையாளப் புகையிலை' என்று பெயர். மலையாள தேசத்திலோ எங்கள் ஊரின் பெயரால் அழைத்தார்கள். பட்டி அடைத்து எருவேற்றிய நிலத்தில் கன்று நட்டு, துலா மிதித்து இறைத்து, நுனி முறித்து, பக்கத் தளிர் கிள்ளி, வெட்டிய இலையைக் குடிலில் புகைபோட்டு, பாடம் வைத்துச் சிப்பமாகக் கட்டும்வரை மாதக்கணக்கான வேலை. இவ்வளவும் ஒரு சந்தையை நம்பி. சுருட்டுக்கு வேறு பக்குவம். மலையாளத்தான் வேண்டாமென்றால் அந்தச் சிப்பத்தை எங்கே கொண்டுபோவது?

ஆங்கிலேயர் வந்து இருபது ஆண்டுகளுக்குள் இந்தச் சிக்கல் முற்றிவிட்டது. இலங்கைச் சுங்கத்தில் உயர்பதவி வகித்த அந்தோனி பெர்தொலாச்சி 1817இல் வெளியிட்ட நூலில் இதைப்பற்றி எழுதியிருக்கிறார். திருவிதாங்கூர் அரசு புகையிலைக் கொள்வனவைத் தன் ஏகபோகமாக்கியது. வாங்குபவன் ஒருவனே என்றானதும் விலை விழுந்தது. பதிலுக்குக் கொழும்பு அரசாங்கம் விற்பனையைத் தன் ஏகபோகமாக்கியது. தோட்டக்காரனுக்கு உதவியென்று சொல்லித்தான் செய்தார்கள். நடந்தது, ஒரு எசமானுக்குப் பதில் இரண்டு எசமான்கள்.

1863இல் திவான் மாதவராவ் திருவிதாங்கூரின் புகையிலை ஏகபோகத்தை ஒழித்து, இறக்குமதித் தீர்வையைக் கொண்டுவந்தார். பெரிய சீர்திருத்தம் என்று எழுதுகிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் தீர்வை எவ்வளவு, எப்போது ஏறும் என்பதைக் கட்டுவனிலோ புன்னாலைக்கட்டுவனிலோ கன்று நடுகிறவன் அறிய வழியிருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் வியாபாரம் நொடிந்தபோது, 1930களில் மலையாளப் புகையிலைக்கென்றே கூட்டுறவு விற்பனவுச் சங்கம் அமைத்தார்கள். நல்ல முயற்சி. தரகரை எதிர்த்து நிற்கச் சங்கத்தால் முடியும். அடுத்த நாட்டின் சுங்க அறிவித்தலை என்ன செய்வது? 1948க்குப் பின் இது இரண்டு சுதந்திர நாடுகளின் விவகாரமாயிற்று. மலையாள வியாபாரம் தேய்ந்தது. பலர் தென்னிலங்கைக்கான சுருட்டுப் புகையிலைக்கும், பிறகு மிளகாய் வெங்காயத்துக்கும் மாறினர்.

அந்த வெங்காயக் காலமும் கட்டளையால் வந்து கட்டளையால் போனது. 1970இல் வந்த சிறிமாவோ அரசு இறக்குமதியை இறுக்கியபோது குடாநாட்டில் காசு புழங்கியது. 1977இல் ஜே.ஆர். ஜெயவர்த்தனா கதவைத் திறந்துவிட்டார். எனது அப்பப்பா இறைப்பு இயந்திரம் வாங்கியது அதற்குச் சற்று முன்னர்.

இப்போது நான் வாங்குபவர் பக்கத்தில் நிற்கிறேன். சோஹாரில் நான் வேலை செய்யும் உணவகத்துக்குத் தடைக்குப் பின் பாகிஸ்தான் வெங்காயம் வந்தது. முதற்கிழமை சமையற்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு மாதத்தில் கை பழகிவிட்டது. சாப்பிட வந்தவர் ஒருவரும் கேட்கவில்லை. புகையிலைக்கும் இப்படித்தான் நடந்திருக்க வேண்டும்: மலையாளத்தானின் வாய் வேறு இலைக்குப் பழகியிருக்கும்.

தடை வந்த டிசெம்பரில் நாசிக்கில் கோடை அறுவடைக்கான வெங்காய நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். மார்ச் 31 வரைதான் என்றது அறிவித்தல். மார்ச் 22இல் அதைக் காலவரையின்றி நீட்டினார்கள். அறுவடை வந்து நின்ற நேரம். இடையில் அரசின் கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனத்தின் மூலம் அமீரகத்துக்கு 14,400 தொன் அனுப்ப அனுமதி கொடுத்தார்கள். இருநூறு வருடத்துக்கு முந்திய கொழும்பு அரசாங்கத்தின் வேலைதான்! 2024 மே 4இல் தடை நீங்கியது, ஆனால் 550 டொலர் அடிவிலையோடும் 40 வீத வரியோடும். இந்தியப் பொதுத்தேர்தல் நடந்துகொண்டிருந்த மாதம் அது. செப்டெம்பரில் அடிவிலை போய், வரி 20 வீதமாயிற்று. 2025 ஏப்ரல் முதலாந் திகதி வரியும் போனது.

எங்களுக்கு வெங்காயம் தருபவர் ஒரு மலையாளி. தடை எடுபட்ட பின்னும் அவர் பாகிஸ்தான் மூடையை விடவில்லை. இந்திய வெங்காயம் விலை குறைந்த நாளிலும் பாதிக்கு மேல் அதை எடுக்கமாட்டார்.