கடைக் கணினியை வெளியாரிடம் ஒப்படைக்கும் முன்...

2023 ஓகஸ்ட் மாத இறுதியில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை, கப்பம் கோரும் வைரஸ் தாக்குதலுக்கு இலக்கானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அவ்வருடம் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் மீளக் கிடைக்கவில்லை. பயன்படுத்திய மென்பொருள் பழையது, அந்தக் காலப்பகுதிக்குரிய காப்புப் பிரதி தனியாக எடுத்து வைக்கப்படவில்லை என்பனவே காரணங்களாகக் கூறப்பட்டன. ஒரு நாட்டின் அரசாங்கத்துக்கே இது நேர்ந்ததென்றால், புறக்கோட்டையிலோ காத்தான்குடியிலோ கல்முனையிலோ ஐந்தாறு கணினிகளை வைத்து வியாபாரம் செய்பவரின் நிலை என்ன?

இன்று நடுத்தரக் கடையொன்றின் கணினியில் விலைப்பட்டியல் மட்டும் இல்லை. யார் எவ்வளவு கடன், எந்தக் காசோலை எப்போது மாறும், கையிருப்பு எவ்வளவு, ஊழியர் சம்பளம் என முன்பு முதலாளியின் கொப்பியில் இருந்த அனைத்தும் அதற்குள் இருக்கின்றன. பெரும்பாலான கடைகளில் அதைப் பார்த்துக்கொள்பவர், பழுதானால் அழைக்கப்படும் தெரிந்த தம்பி ஒருவர். அவர் வெளிநாடு போய்விட்டால் கடவுச்சொற்களும் அவருடன் போய்விடும். ஆகவேதான் பலர் இப்போது கணினிப் பராமரிப்பை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைப்பது பற்றி யோசிக்கின்றனர். யோசிக்க வேண்டிய விடயம்தான். ஆனால் எதை ஒப்படைக்கிறோம், எதை ஒப்படைக்க முடியாது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

முகாமைத்துவ சேவை என்பது என்ன?

பழுதானபின் வந்து திருத்திவிட்டு அதற்குரிய கூலியைப் பெறுவது பழைய முறை. இதில் திருத்துபவருக்கு வருமானம் வருவதே கணினி பழுதாகும்போதுதான். முகாமைத்துவ சேவை வழங்குநர் எனப்படும் நிறுவனம் மாதாந்தம் ஒரு நிலையான கட்டணம் பெறுகிறது. அதற்குப் பகரமாகக் கணினிகளைத் தூரத்திலிருந்தே கண்காணிக்கிறது, மென்பொருள்களைப் புதுப்பிக்கிறது, வைரஸ் பாதுகாப்பையும் காப்புப் பிரதியையும் கவனிக்கிறது, ஊழியர்களின் சிறு பிரச்சினைகளைத் தொலைபேசியில் தீர்க்கிறது. பழுது குறையக் குறைய அவர்களது வேலையும் குறையும் என்பதால் முன்கூட்டியே தடுப்பது அவர்களுக்கும் இலாபம்.

எல்லோருக்கும் இது தேவையில்லை. ஒரே கணினியும் ஒரு பில் இயந்திரமும் உள்ள கடைக்கு நம்பகமான ஒரு தொழில்நுட்பவியலாளரும், ஒழுங்கான காப்புப் பிரதியும் போதும். கிளைகள் உள்ளவர்கள், பல கணினிகள் ஒரே தரவுத்தளத்தில் இயங்கும் மொத்த வியாபாரிகள், மருந்தகங்கள், தனியார் வைத்திய நிலையங்கள், ஒரு நாள் கணினி நின்றால் விற்பனையே நின்றுவிடும் இடங்கள் ஆகியவற்றுக்கே இது பொருந்தும். விண்டோஸ் 10இற்கான வழமையான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்தியது. அந்தக் கணினிகளை இன்னும் எந்த ஏற்பாடுமின்றிப் பயன்படுத்தும் கடை, கண்காணிப்பார் யாரும் இல்லாத கடை என்றே பொருள்.

இஜாராவின் பார்வையில்

கூலிக்கு அமர்த்தும் இஜாரா ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசும் ஃபிக்ஹ் நூல்கள் இரு வகைப் பணியாளர்களை வேறுபடுத்துகின்றன. தன் நேரத்தை ஒரு முதலாளிக்கு மட்டும் கொடுப்பவர் அஜீர் காஸ். தையற்காரர், சாயம் தோய்ப்பவர் போன்று பலரிடமும் வேலை ஏற்பவர் அஜீர் முஷ்தரக். நாம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஊழியர் முதல் வகை. பல கடைகளுக்குச் சேவை செய்யும் கணினி நிறுவனம் இரண்டாம் வகை.

இரண்டாம் வகையினரின் கையில் பொருள் சேதமானால் யார் பொறுப்பு என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கவனயீனமோ வரம்பு மீறலோ இல்லாவிட்டால் அவர் பொறுப்பாளியல்ல என்பது இமாம் அபூஹனீஃபாவின் கருத்து. தவிர்க்க முடியாத காரணம் இருந்தாலன்றி அவரே பொறுப்பு என்பது அவரது மாணவர்களான அபூயூசுப், முஹம்மத் ஆகியோரின் கருத்து. இமாம்களே வேறுபட்ட இந்த விடயத்தைப் பேசாமல் விட்டுவிட்டு, பிரச்சினை வந்தபின் வாய்த் தர்க்கத்தில் தீர்த்துக்கொள்ள முடியாது. வேலையும் கூலியும் தெளிவாக இருக்க வேண்டும் என்பது இஜாராவின் அடிப்படை. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகராவின் 282ஆம் வசனம், தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றியதுதான். நம்பிக்கை இருப்பதால் எழுதத் தேவையில்லை என்ற நம்மவர் வழக்கம் அதற்கு ஒத்துவராது.

சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமித்தால் வீட்டு உறுதியை அவர் பெயருக்கு எழுதிக் கொடுப்பதில்லை. கணினி விடயத்தில் அறியாமலே பலர் அதைத்தான் செய்கின்றனர். கடையின் இணையத்தளப் பெயர் சேவை நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கும். மின்னஞ்சலின் நிர்வாகக் கணக்கு அவர்களிடம் மட்டுமே இருக்கும். கணக்கு மென்பொருளின் அனுமதிப்பத்திரமும் அவர்கள் பெயரில் இருக்கும். பிறகு சேவை பிடிக்காமல் வேறிடம் மாற நினைத்தாலும் மாற முடியாது. இணையத்தளப் பெயர், நிர்வாகக் கணக்கு, மென்பொருள் அனுமதி ஆகிய மூன்றும் உங்கள் வியாபாரத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும். சேவை நிறுவனத்துக்கு அதில் தனியான பயனர் கணக்கொன்றைக் கொடுங்கள். பிரதான கடவுச்சொற்களை எழுதி, உறையிட்டு உங்கள் பெட்டகத்தில் வையுங்கள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. சேவை நிறுவனத்திடம் பல கடைகளின் சாவிகள் இருப்பதால், அதன் கணினிக்குள் நுழைந்த திருடனுக்கு எல்லாக் கடைகளும் திறந்துவிடும். 2021 ஜூலை 2ஆம் திகதி, சேவை நிறுவனங்கள் பயன்படுத்தும் கசேயா என்ற மென்பொருள் ஊடாக நடந்த தாக்குதலில், உலகெங்கும் 800 முதல் 1,500 வரையான வியாபாரங்கள் பாதிக்கப்பட்டதாக அந்நிறுவனமே மதிப்பிட்டது. சுவீடனின் கூப் பல்பொருள் அங்காடி சுமார் 800 கிளைகளை மூட நேர்ந்தது. கூப் கசேயாவின் நேரடி வாடிக்கையாளர் அல்ல. அதன் பில் இயந்திரங்களைக் கவனித்த நிறுவனமே அந்த மென்பொருளைப் பயன்படுத்தியது. எனவே தூரத்திலிருந்து உங்கள் கணினிக்குள் நுழைபவர் யார், அவர்கள் இரட்டைச் சரிபார்ப்பு முறையைப் பயன்படுத்துகின்றனரா, வேலையை விட்டுப்போன ஊழியரின் அனுமதி எப்போது நீக்கப்படும் என்று கேட்பது உங்கள் உரிமை.

காப்புப் பிரதி

மூன்று பிரதிகள், இரு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் விதி. அக்குறணை நகர வியாபாரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெள்ளம் கடைக்குள் வரும்போது கணினியும், அதற்குப் பக்கத்தில் இருக்கும் காப்புப் பிரதியும் சேர்ந்தே நனையும். ஒரு பிரதியாவது இணையத்துடன் தொடர்பில்லாமல் இருக்க வேண்டும். இல்லையேல் கப்ப வைரஸ் அதையும் பூட்டிவிடும். அத்துடன் காப்புப் பிரதி எடுக்கப்படுகிறது என்ற வாய் வார்த்தை போதாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது, அதிலிருந்து ஒரு நாள் கணக்கை மீட்டுக் காட்டும்படி கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைச் சேகரிக்கும் நோக்கத்தைத் தீர்மானிப்பவரையும், அவருக்காக அதைக் கையாள்பவரையும் வேறுபடுத்துகிறது. உங்கள் வாடிக்கையாளரின் விபரங்களைப் பொறுத்தவரை நீங்கள் முதலாமவர், சேவை நிறுவனம் இரண்டாமவர். வேலையை வெளியே கொடுத்ததால் முதலாமவரின் கடமை நீங்கிவிடாது. நோயாளியின் விபரங்களும், ஊழியர் வருகைக்காகப் பதியும் விரல் அடையாளமும் இச்சட்டத்தில் விசேட பாதுகாப்புக்குரியவை. வாடிக்கையாளர் தன் தொலைபேசி இலக்கத்தை உங்களை நம்பித்தான் தந்தார். அது உங்களிடம் உள்ள அமானிதம்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

1. மாதக் கட்டணத்தில் எவை அடங்கும், எவற்றுக்கு மேலதிகக் கட்டணம், வற் வரி சேர்ந்ததா இல்லையா என்பது.

2. அழைப்புக்குப் பதிலளிக்கும் நேரம் வேறு, திருத்தி முடிக்கும் நேரம் வேறு. இரண்டும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும்.

3. 99 சதவீதம் இயங்கும் என்ற உறுதிமொழி கேட்க நன்றாக இருக்கும். 30 நாள் மாதத்தில் எஞ்சிய 1 சதவீதம் 7 மணி 12 நிமிடங்கள். அது பெருநாளைக்கு முந்திய இரவில் வந்தால் என்ன செய்வது? பெருநாள் கால இரவுகளிலும் விடுமுறை நாட்களிலும் சேவை உண்டா என்பதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

4. தரவு அழிந்தால் அல்லது கசிந்தால் யார், எவ்வளவு தொகைக்குப் பொறுப்பு, எத்தனை மணித்தியாலத்துக்குள் உங்களுக்கு அறிவிக்க வேண்டும் என்பது.

5. ஒப்பந்தம் முடியும்போது தரவுகளையும் கடவுச்சொற்களையும் எத்தனை நாட்களுக்குள் ஒப்படைத்து, தங்களிடமுள்ள பிரதிகளை அழிக்க வேண்டும் என்பது.

முதல் தடவையிலேயே மூன்று வருட ஒப்பந்தத்தில் கைச்சாத்திட வேண்டாம். ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் போதுமானது. ஒப்பிடும் முன், கடையின் கணினி ஒரு நாள் நின்றால் எவ்வளவு விற்பனை இழக்கப்படும் என்று கணக்கிடுங்கள். அத்தொகையோடு மாதக் கட்டணத்தை வைத்துப் பார்த்தால் இச்சேவை உங்களுக்கு அவசியமா என்பது விளங்கும். அதன்பின் மேலுள்ள ஐந்து விடயங்களையும் முன்வைத்து இரண்டு மூன்று நிறுவனங்களிடம் விலை கேளுங்கள். அவற்றை எழுத்தில் தர மறுக்கும் நிறுவனம் எவ்வளவு மலிவாக இருந்தாலும், எவ்வளவு தெரிந்தவருடையதாக இருந்தாலும், அதைத் தவிர்ப்பதே உங்கள் வியாபாரத்துக்கு நல்லது.