ஊசி சாயாத ஊர்

ஆறுமுகநேரி என்றதும் உப்பளங்கள் நினைவுக்கு வரும். இந்த ஊருக்கும் இதைச் சுற்றியுள்ள கடற்கரைக்கும் இன்னொரு சிறப்பும் உண்டு. அதைப் பார்க்க ஒரு தையல் ஊசி, கொஞ்சம் நூல், பழைய ரேடியோ ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தம், இவை போதும்!

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காந்தம் புதிதல்ல. ஸ்பீக்கர் காந்தத்தை மணலில் புரட்டி, ஒட்டும் கருந்துகள்களைக் காகிதத்தில் கொட்டி, அடியில் காந்தத்தை நகர்த்தி ஆட வைப்பது பழைய விளையாட்டு. ஆனால் விளையாட்டு அதோடு நின்றுவிடுகிறது. பின்னர் 'காந்தச் சரிவு' என்பது பாடப்புத்தகத்தில் ஒரு வரையறையாக வரும்போது, மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

இதை வீட்டிலேயே செய்து காட்டலாம். ஊசியின் நடுவில் மெல்லிய நூலைக் கட்டி, அது கிடைமட்டமாகத் தொங்கும் வரை முடிச்சை நகர்த்த வேண்டும். பிறகு காந்தத்தின் ஒரே முகத்தால், ஒரே திசையில் 30, 40 முறை தேய்த்து, இரும்புச் சாமான்கள் இல்லாத, காற்று வீசாத இடத்தில் மீண்டும் தொங்கவிட வேண்டும். ஊசி வடக்கு தெற்காகத் திரும்பும். ஆறுமுகநேரியில் ஏறக்குறைய படுத்தபடியே நிற்கும்.

இதில் என்ன அதிசயம்? லண்டனில் திசைகாட்டி செய்துவந்த ராபர்ட் நார்மனுக்கு இதே வேலை பெரிய தொல்லையாக இருந்தது. சமநிலையாகச் செய்த ஊசியைக் காந்தமாக்கியதும் அதன் வடமுனை கீழே சாய்ந்துவிடும். எவ்வளவு சாய்கிறது என்று அளந்து பார்த்தார். 71 பாகைக்கும் மேல்! அதை 1581ல் புத்தகமாக வெளியிட்டார். 1600ல் வில்லியம் கில்பர்ட் காந்தக் கல்லை உருண்டையாகச் செதுக்கி, அதன் மேல் சிறு ஊசியை நகர்த்திப் பார்த்தார். பூமியே ஒரு பெரிய காந்தம் என்று சொன்னார்.

கில்பர்ட்டின் சோதனையையும் பிள்ளைகள் செய்யலாம். மேசை மேல் ஒரு சட்டக் காந்தத்தை வைத்து, தொங்கும் ஊசியை அதன் மேலாக ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நகர்த்தினால் போதும். முனைகளில் ஊசி செங்குத்தாக நிற்கும், நடுவில் படுத்துவிடும். பூமியிலும் அப்படியொரு நடுப்பகுதி உண்டு. அதுதான் காந்த நடுக்கோடு. அது தென்னிந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. அதனால்தான் இங்கே ஊசி சாயவில்லை.

இந்த இடத்தின் அருமையை 19ஆம் நூற்றாண்டிலேயே உணர்ந்திருந்தார்கள். சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில் தொடங்கிய திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநராக 1852ல் ஜான் ஆலன் பிரௌன் வந்தார். 1855ல் அகத்தியர் மலை உச்சியில், 6,000 அடிக்கும் மேலே, ஒரு காந்த ஆய்வகம் அமைத்தார். காடும் மழையும் குளிரும் நிறைந்த அந்த மலையில் ஊசியின் அசைவுகள் குறித்துவைக்கப்பட்டன. அந்தக் கணக்குகள் 1874ல் அச்சில் வந்தன. அந்த மலைப்பகுதியில் பிறக்கும் தாமிரபரணிதான் ஆறுமுகநேரிக்குச் சற்று வடக்கே, புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.

1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் தும்பாவில் ஏவப்பட்டது. அந்த மீனவக் கிராமத்தைத் தேர்ந்தெடுக்க முக்கியக் காரணமே காந்த நடுக்கோடுதான். இந்தக் கோட்டுக்கு மேலே, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் ஒரு வலுவான மின்னோட்டம் பாய்கிறது. அதை ஆராயவே விஞ்ஞானிகள் இங்கே வந்தார்கள். திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகமும் இருக்கிறது.

உலகமெங்கும் இருந்து தேடிவந்த ஒன்று நம் பிள்ளைகளின் திண்ணையில் ஒரு நூலில் தொங்குகிறது. டெல்லியில் உறவினர் யாராவது இருந்தால், அவர்களையும் ஒரு ஊசியைத் தொங்கவிட்டுப் பார்க்கச் சொல்லலாம். அங்கே வடமுனை கீழே சாயும். "இங்க சாயல, அங்க மட்டும் ஏன் சாயுது?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது!