வலங்கைமான் டு அந்தமான்: எரிமலைத் தீவுகளுக்குத் தனியா போறீங்களா? செலவைக் குறைக்க, சிக்கலைத் தவிர்க்க என்ன செய்யலாம்?

சம்பா அறுவடை முடிந்து, நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய், கையில் கொஞ்சம் காசு நிற்கும் மாசி, பங்குனி மாதங்கள்தான் டெல்டாவில் ஓய்வான காலம். வலங்கைமான் மகா மாரியம்மன் கோயில் பாடைக்காவடித் திருவிழாவும் பங்குனியில்தான் வரும். அதே மாதங்களில்தான் அந்தமான் கடலும் அமைதியாக இருக்கும். இந்தப் பொருத்தம் பலருக்குத் தெரிவதில்லை. டிசம்பர் கடைசி வாரத்தில் இரண்டு மடங்கு விலை கொடுத்து டிக்கெட் எடுத்து, புயல் சின்னம் உருவாகிவிட்டால் ஹோட்டல் அறையிலேயே உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள்.

இந்தியாவில் உயிருள்ள எரிமலை ஒன்றே ஒன்றுதான். அது இருப்பது அந்தமான் கடலில். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். இந்தியர்கள் அந்தமான் தீவுகளுக்குப் போக பாஸ்போர்ட், விசா எதுவும் தேவையில்லை. ஒரிஜினல் ஆதார் அட்டை போதும். தனியாகப் போகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது வேறு ஒன்று: அங்கே உங்கள் நேரத்தையும் செலவையும் கடல்தான் தீர்மானிக்கிறது.

எரிமலையை நேரில் பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் தூரத்திலிருந்துதான். பாரன் தீவு, தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பழைய பெயர் போர்ட் பிளேர். 2024 செப்டம்பரில் பெயர் மாற்றப்பட்டாலும் ஆட்டோக்காரர் முதல் கடைக்காரர் வரை இன்னும் பழைய பெயரைச் சொல்வதுண்டு. பாரன் தீவில் எரிமலை வெடித்ததற்கான முதல் பதிவு 1787-ல் உள்ளது. 19-ஆம் நூற்றாண்டில் அடங்கி, 150 ஆண்டுகளுக்கு மேல் தூங்கி, 1991-ல் மறுபடி விழித்தது. அதன் பிறகு விட்டு விட்டுப் புகைந்துகொண்டே இருக்கிறது. 2025 செப்டம்பரிலும் சிறிய அளவில் வெடித்தது.

தீவில் மனிதர்கள் யாரும் இல்லை. இறங்க அனுமதியும் கிடையாது. வனத்துறை அனுமதி பெற்ற கப்பல் அல்லது படகிலிருந்து சுற்றிப் பார்க்கலாம், அவ்வளவுதான். தனியார் படகை மொத்தமாக வாடகைக்கு எடுப்பது ஒற்றை ஆளுக்குக் கட்டுப்படியாகாது. அந்தமான் நிர்வாகத்தின் கப்பல் துறை சிறப்புப் பயணம் அறிவிக்கிறதா என்று பார்ப்பதுதான் மலிவான வழி. அதுவும் கடல் சீராக இருந்தால் மட்டுமே கிளம்பும். இதை மட்டும் நம்பி மொத்தப் பயணத்தையும் திட்டமிட வேண்டாம்.

இன்னொரு எரிமலைத் தீவு நார்கொண்டம். அது அடங்கிப்போனது. அங்கே மட்டுமே வாழும் இருவாச்சிப் பறவைக்காக அது பாதுகாக்கப்படுகிறது. சாதாரணப் பயணிகளுக்கு வழியில்லை.

ஒரு குழப்பத்தையும் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். பாராடாங் தீவில் 'எரிமலை' என்று காட்டப்படுவது சேற்று எரிமலை. பூமிக்கடியில் மட்கிய பொருட்களிலிருந்து உண்டாகும் வாயு, சேற்றைத் தள்ளிக்கொண்டு மேலே வருகிறது. நெருப்புக் குழம்பு கிடையாது. பெரும்பாலும் அது நம்மூர் வயல் சேறு குமிழி விடுவது போலத்தான் இருக்கும், சிலருக்கு ஏமாற்றமாகவும் இருக்கும். ஆனால் சாதுவானது என்றும் நினைக்கக் கூடாது. 2025 அக்டோபர் தொடக்கத்தில் அது பெரிதாகப் பொங்கியபோது பயணிகளுக்கு அந்த இடம் மூடப்பட்டது. போகும் முன் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வலங்கைமானிலிருந்து எப்படிப் போவது?

வலங்கைமானிலிருந்து கும்பகோணம் பத்து கிலோமீட்டர்தான். அங்கிருந்து இரவில் உழவன் எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடியற்காலையில் சென்னை. எழும்பூர் வரை போகத் தேவையில்லை. தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம் வந்தால் எதிரிலேயே விமான நிலையம். டாக்ஸி செலவு மிச்சம். ஆனால் ரயில் தாமதமானால் விமானம் காத்திருக்காது. அதனால் காலை முதல் விமானத்தை விட்டுவிட்டு, முற்பகலில் கிளம்பும் விமானத்தில் டிக்கெட் போடுவதே பாதுகாப்பு. மாதக்கணக்கில் முன்கூட்டிப் பதிவு செய்தால் ஒரு வழிக் கட்டணம் 5,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்க வாய்ப்பு உண்டு. கடைசி நேரத்தில் எடுத்தால் இரண்டு மடங்கையும் தாண்டும்.

கப்பலிலும் போகலாம். சென்னைத் துறைமுகத்திலிருந்து மாதத்துக்கு ஒரு சில பயணங்கள்தான். கடலில் ஏறக்குறைய மூன்று நாள். 'பங்க்' எனப்படும் கூட்டுப் படுக்கை வகுப்பு மலிவு. ஆனால் மூன்று நாள் சாப்பாட்டுச் செலவையும், போக வர ஒரு வாரம் கரைவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், முன்கூட்டி எடுத்த விமான டிக்கெட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. கப்பல் பயணம் அனுபவத்துக்காக என்றால் சரி, சிக்கனத்துக்காக என்றால் யோசிக்க வேண்டும்.

வலங்கைமான்காரர்களுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. ஊரின் பெயரே பட்டாசுக்குத்தான். மத்தாப்பு, வெடி எதையும் ரயில், விமானம், கப்பல் மூன்றிலும் கொண்டுபோகக் கூடாது என்பது தெரிந்ததுதான். தெரியாதது என்னவென்றால், விமான நிலையத்தில் பையைத் துணியால் துடைத்து வெடிமருந்துத் துகள் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். பட்டாசுப் பட்டறையில் புழங்கிய பை, அங்கே போட்ட சட்டை ஆகியவற்றைப் பயணத்துக்கு எடுத்துப்போனால் தேவையில்லாத விசாரணையில் மாட்டலாம். வேறு பை எடுத்துக்கொள்வது உத்தமம்.

செலவு எங்கே கூடுகிறது?

தனி ஆளுக்குக் கையைக் கடிப்பது மூன்று விஷயங்கள்: அறை, படகு, டாக்ஸி. இரண்டு பேர் பகிர வேண்டிய அறை வாடகையை ஒருவரே கட்ட வேண்டியிருக்கும். இதற்கு மாற்று, டார்மிட்டரி படுக்கை உள்ள விடுதிகள், வீட்டோடு சேர்ந்த ஹோம்ஸ்டே, சுற்றுலாத் துறையின் அரசு விடுதிகள். தலைநகரில் கடற்கரை ஓரம் அறை தேட வேண்டிய அவசியமே இல்லை. அபர்தீன் பஜார் பக்கம் தங்கினால் செல்லுலார் சிறைக்கு நடந்தே போகலாம், பேருந்து நிலையமும் அருகில், இட்லி தோசைக் கடையும் கிடைக்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறக்குறைய 15 சதவீதம். தமிழ் மட்டுமே தெரிந்தவர்கூட தலைநகரில் சமாளித்துவிடலாம்.

படகில்தான் உண்மையான வித்தியாசம். ஸ்வராஜ் தீவுக்கு (பழைய ஹேவ்லாக்) தனியார் சொகுசுப் படகு ஒன்றரை மணி நேரத்தில் போய்விடும், கட்டணம் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். அரசுப் படகு இரண்டு, இரண்டரை மணி நேரம் எடுக்கும், கட்டணம் பல மடங்கு குறைவு. சிக்கல் என்னவென்றால், அரசுப் படகுக்கான பதிவு பல நேரம் புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்புதான் திறக்கும், சீக்கிரம் தீர்ந்தும்விடும். சீட்டு கிடைத்தால் அரசுப் படகு, கிடைக்காவிட்டால் தனியார் படகு என்று இரண்டுக்கும் காசு ஒதுக்கி வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

பாராடாங்குக்குத் தனி டாக்ஸி எடுப்பது வீண். பேருந்திலோ, ஆளுக்கு இவ்வளவு என்று ஏற்றிக்கொள்ளும் பகிர்வு வண்டியிலோ போகலாம். ஷஹீத் தீவில் (பழைய நீல்) வாடகை சைக்கிளே போதும். சிறிய, சமதளமான தீவு. அங்கே காய்கறித் தோட்டமும் நெல்வயலும் இருப்பதால் டெல்டாக்காரருக்கு ஊர் ஞாபகம் வராமல் இருக்காது.

கட்டாயம் ஒரு நாள் மிச்சம் வையுங்கள்

மேலே சொன்ன சேமிப்பு எல்லாம் ஒரே தவறில் காணாமல் போய்விடும். கடைசி நாள் காலையில் ஸ்வராஜ் தீவிலிருந்து படகு, மதியம் சென்னைக்கு விமானம் என்று திட்டம் போடுவதுதான் அந்தத் தவறு. கடல் கொந்தளித்தால் துறைமுக அதிகாரிகள் படகை நிறுத்திவிடுவார்கள். படகுக் காசு திரும்பி வரலாம். தவறவிட்ட விமானத்துக்கு யார் காசு தருவார்கள்?

2016 டிசம்பரில் நடந்தது இதற்குப் பெரிய உதாரணம். காற்றழுத்தத் தாழ்வால் படகுகள் நின்று, ஸ்வராஜ், ஷஹீத் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படை, கடலோரக் காவல்படைக் கப்பல்கள் போய்த்தான் மீட்டன. சில நாளில் அதே சின்னம்தான் வர்தா புயலாகச் சென்னையைத் தாக்கியது. டெல்டாவில் நாற்று மூழ்கும் அதே வங்கக்கடல் தாழ்வுநிலைதான் அங்கே படகை நிறுத்துகிறது. வானிலை அறிக்கையைப் பார்த்துப் பழகிய விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே ஒரு வாரப் பயணம் என்றால் இப்படி அமைக்கலாம்: முதல் நாள் தலைநகர், இரண்டாம் நாள் பாராடாங், அடுத்த இரண்டு நாள் ஸ்வராஜ் தீவு, ஐந்தாம் நாள் ஷஹீத் தீவு, ஆறாம் நாள் தலைநகருக்குத் திரும்பிவிடுவது, ஏழாம் நாள் விமானம். ஆறாம் நாள் சும்மா போகாது. செல்லுலார் சிறை, எதிரே உள்ள ராஸ் தீவு (இப்போது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு) இரண்டையும் அன்றைக்கு ஒதுக்கி வைத்தால் படகு தாமதமானாலும் நஷ்டம் இல்லை.

தனியாக இருக்கும்போது எதில் கவனம்?

முதலில் வெளிச்சம். அந்தமான் கிழக்கே இருந்தாலும் கடிகாரம் நம்முடையதுதான். குளிர்காலத்தில் மாலை ஐந்து மணியைத் தாண்டியதுமே சூரியன் மறைந்துவிடும். ஸ்வராஜ் தீவில் வாடகை ஸ்கூட்டியில் கடற்கரைக்குப் போனவர்கள் விளக்கில்லாத காட்டுச் சாலையில் திரும்ப வேண்டியிருக்கும். தனியாகப் போகும் பெண்கள் மட்டுமல்ல, எல்லோருமே விடியற்காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் அறைக்கு வந்துவிடுவது நல்லது.

அடுத்து முதலை. உவர்நீர் முதலைகள் ஓடை, சதுப்புநிலக் காடுகளில் இருந்து கடற்கரைக்கும் வரும். 2010-ல் புகழ்பெற்ற ராதாநகர் கடற்கரைப் பகுதியில் நீந்திய அமெரிக்கப் பெண் ஒருவர் முதலை தாக்கி இறந்தார். எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில், உயிர்காப்பாளர் இல்லாத நேரத்தில் தண்ணீரில் இறங்கவே கூடாது. கூட ஆள் இல்லாதவர் இறங்கினால் காணாமல் போனதே யாருக்கும் தெரியாது.

நிலநடுக்கம் அங்கே அபூர்வமல்ல. 2004 டிசம்பர் 26-ஐ நாகப்பட்டினம் மறக்கவில்லை. அன்றைக்கு நிக்கோபார் தீவுகள் அதைவிட நிலநடுக்க மையத்துக்கு அருகில் இருந்தன. கால் ஊன்ற முடியாத அளவுக்கோ, நீண்ட நேரமோ நிலம் ஆடினால், அல்லது கடல் திடீரென உள்வாங்கினால், சைரனுக்கோ செல்போன் தகவலுக்கோ காத்திருக்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும். அறையில் சேர்ந்ததும் 'மேடு எந்தப் பக்கம்?' என்று விடுதிக்காரரிடம் கேட்டு வைத்துக்கொண்டால் போதும்.

2020-ல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தபிறகு இணையம் எவ்வளவோ பரவாயில்லை. ஆனாலும் படகிலும் காட்டுப் பாதையிலும் சிக்னல் போய்விடும். தினமும் இரவு இத்தனை மணிக்குப் பேசுவேன், மறுநாள் இந்த இடம் என்று வீட்டில் அம்மாவிடமோ அண்ணனிடமோ சொல்லிவைப்பது அவசியம். யுபிஐ கைவிட்டால் சமாளிக்க ரொக்கம் இருக்கட்டும், அதைத் தலைநகரிலேயே எடுத்துக்கொள்ளலாம். அவசர உதவிக்கு 112, கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் 1554. ஸ்கூபா டைவிங் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம், முடிந்தால் ஒரு நாள் முழுக்க, விமானம் ஏறக் கூடாது.

தெரியாமல் செய்தாலும் குற்றம்

பாராடாங் சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காடு வழியாகப் போகிறது. ஜிர்காடாங்கில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, பாதுகாப்போடு கூட்டமாகத்தான் அனுப்புவார்கள். வழியில் நிற்பது, போட்டோ, வீடியோ எடுப்பது, சாப்பாடு வீசுவது எல்லாமே சட்டப்படி குற்றம், சிறைக்கும் போக நேரலாம். பிஸ்கட் கொடுத்து ஆட வைத்து வீடியோ எடுத்த விவகாரம் 2012-ல் உலகம் முழுக்கச் சர்ச்சையானது. வடக்கு சென்டினல் தீவை நெருங்கவே அனுமதியில்லை. 2018-ல் அங்கே திருட்டுத்தனமாகப் போன அமெரிக்கர் கொல்லப்பட்டார். நிக்கோபார் தீவுகளுக்கும் தனி அனுமதிச் சீட்டு வேண்டும், சுற்றுலா என்று கேட்டால் கிடைப்பது கடினம். ராஜேந்திர சோழனின் தஞ்சைக் கல்வெட்டில் 'மாநக்கவாரம்' என்று வரும் ஊர் அதுதான் என்பதற்காகச் சலுகை எதுவும் இல்லை.

திரும்பும்போது பையில் பவளப்பாறைத் துண்டு, கடற்கரையில் பொறுக்கிய சங்கு எதுவும் இருக்கக் கூடாது. விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்துவிடும், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்கு வரலாம். கடையில் சங்குப் பொருள் வாங்கினால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, கேட்டால் காட்ட வேண்டும்.