புயலின் நடுவில் காது உணர்வது எதை?

ஃப்ளோரிடாவின் தென்முனையை ஆண்ட்ரூ ஹரிக்கேன் 1992 ஆகஸ்ட் 24 விடியலில் தாக்கியது. குளியலறையிலும் துணி வைக்கும் சிற்றறையிலும் ஒடுங்கிக் கிடந்து உயிர்தப்பியவர்கள் பின்னர் சொன்னவற்றில் ஒரு செய்தி அடிக்கடி வருகிறது: காது அடைத்துக்கொண்டது, பிறகு ‘டப்’பென்று விட்டது. புயலின் மையத்தில் காற்றழுத்தம் மிகக் குறைவு, அது தலைக்கு மேல் வந்ததைக் காது உணர்ந்தது என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அனுபவத்தை நான் ஐயுறவில்லை. விளக்கம்தான் பெரும்பாலும் பிழை. அந்தப் பிழை நெடுங்காலம் ஓர் ஆபத்தான ஆலோசனைக்கும் துணைநின்றது என்பதால் இதை நுணுகிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கடல்மட்டத்தில் இயல்பான அழுத்தம் 1013 மில்லிபார். கரையேறியபோது ஆண்ட்ரூவின் மையத்தில் இருந்தது 922. ஃப்ளோரிடா கீஸ் தீவுகளை 1935 செப்டம்பர் 2 அன்று அழித்த ‘தொழிலாளர் தின’ ஹரிக்கேனில் 892. வானிலையாளருக்கு இவை திகிலூட்டும் எண்கள். உடலுக்கு அப்படியல்ல. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் ஆண்டு முழுவதும் அழுத்தம் 910 மில்லிபாரை ஒட்டியே நிற்கிறது. அங்கே யாருக்கும் அதனால் மூச்சுத் திணறுவதில்லை, காதும் வலிப்பதில்லை. ஆகவே அழுத்தம் எவ்வளவு தாழ்ந்தது என்பதைவிட எவ்வளவு வேகமாகத் தாழ்ந்தது என்பதே கேள்வி.

நடுச்செவியில் அடைபட்டிருக்கும் காற்றைத் தொண்டையோடு இணைப்பது யூஸ்டேசியன் குழாய். வெளியழுத்தம் குறையும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து, வேறுபாடு 20 மில்லிபாரை நெருங்கியதும் அந்தக் குழாயைத் தானே திறந்துகொண்டு வெளியேறிவிடும். அதற்கு முன்பே, எச்சில் விழுங்கும் ஒவ்வொரு முறையும் குழாய் திறந்து வேறுபாட்டைச் சரிசெய்கிறது. மிகச் சிறியதும் மிகக் கடுமையானதுமான ஒரு புயல் இரண்டே மணி நேரத்தில் 80 மில்லிபார் இறக்கத்தைக் கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு ஒரு மில்லிபார்கூட ஆகவில்லை. மேலெழும் விமானத்தின் பயணியர் அறையில் அழுத்தம் நிமிடத்துக்குப் பத்து மில்லிபாருக்கு மேல் இறங்குவது சாதாரணம். அதையே பெரும்பாலோர் ஓரிரு விழுங்கலில் கடந்துவிடுகிறார்கள். அச்சத்தில் வாய் உலர்ந்து விழுங்குவது குறையலாம், சளி பிடித்தவருக்குக் குழாய் அடைத்திருக்கலாம். அப்போதும் மணிக்கணக்கில் நீளும் இந்த மெதுவான இறக்கம், சட்டென்று காது அடைப்பதை விளக்கப் போதாது.

புயலின் அழுத்தத்தை நேரில் கருவியில் பார்த்த ஒருவர் உண்டு. 1935 புயலின்போது ஃப்ளோரிடா கீஸின் லாங் கீ மீன்பிடி முகாமில் வானிலைத் துறைக்காகப் பதிவெடுத்துக்கொண்டிருந்தவர் ஜே. ஈ. டுவேன். புயலின் கண், அதாவது அதன் அமைதியான மையம், கடக்கும்போது காற்று ஓய்ந்ததையும் கடல் ஏறியதையும் நேரம் குறித்து எழுதினார். மறுபக்கக் காற்று வந்து வீடு உடையத் தொடங்கிய கணத்திலும் பாரோமீட்டரைப் பார்த்தார்: 26.98 அங்குலம், அதாவது சுமார் 914 மில்லிபார். கருவி தண்ணீரில் விழுந்தது. அவர் கடலுக்குள் வீசப்பட்டு ஒரு தென்னையின் மட்டைகளில் சிக்கி உயிர்பிழைத்தார். புயலின் அழுத்தத்தை அறிய அவருக்குத் துணையாக இருந்தது அந்தக் கருவிதான்.

அப்படியானால் ஆண்ட்ரூவில் காதை அடைத்தது எது? என் விடை: காற்றின் மோதல். கோரல் கேபிள்ஸில் இருந்த தேசிய ஹரிக்கேன் மையத்தின் ரேடாரையே அந்தப் புயல் கூரையிலிருந்து பெயர்த்தது. அங்கே பதிவான வீச்சு மணிக்கு 164 மைல். அந்த வேகத்தில் வரும் காற்று சுவரில் முட்டி நிற்கும்போது உண்டாகும் கூடுதல் அழுத்தம் ஏறத்தாழ 30 மில்லிபார். புயலின் முழு அழுத்தக் குறைவில் மூன்றில் ஒரு பங்கு அது. ஆனால் சில விநாடிகளில் வந்து போகிறது. காற்று மோதும் பக்கத்து ஜன்னல் உடைந்தால் அந்த அழுத்தத்தின் பெரும்பகுதி அறைக்குள் பாய்கிறது. எதிர்ப்பக்கம் உடைந்தாலோ அறையின் காற்று வெளியே உறிஞ்சப்படுகிறது. விழுங்கிச் சரிசெய்ய இடமே இல்லை.

இதற்கு வீட்டுக்குள்ளேயே ஓர் அழுத்தமானி இருக்கிறது: கழிப்பறைக் கோப்பை. பலத்த காற்றின்போது அதிலுள்ள தண்ணீர் ஏறி இறங்குவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். கோப்பையின் ஒருபுறம் அறையின் காற்று. மறுபுறம் கழிவுக்குழாயின் வழியே கூரைக்கு மேல் திறக்கும் காற்றுக்குழாய். இரண்டுக்கும் இடையே ஒரு மில்லிபார் வேறுபாடு இருந்தால் இருபுற நீர்மட்டங்களுக்கிடையே ஒரு சென்டிமீட்டர் வேறுபாடு. புயல் நெருங்கும்போது மெதுவாக இறங்கும் அழுத்தம் இருபுறமும் ஒன்றுபோலவே இறங்குவதால் தண்ணீர் அசையாது. காற்றின் வீச்சுக்கு வீச்சு அது குதிக்கிறது என்றால், அந்த அறையில் இருப்பவரின் செவிப்பறையும் அதே வீச்சுக்குத்தான் ஆட்படுகிறது.

அழுத்தம் இறங்கினால் மூட்டும் வலிக்கும் என்பார்கள். அது தனி வழக்கு. பென்சில்வேனியாவில் மருத்துவர் ஜோசஃப் ஹாலண்டர் 1960களின் தொடக்கத்தில் காலநிலை அறைக்குள் நடத்திய சோதனையில், ஈரப்பதம் ஏறி அழுத்தம் இறங்குவது ஒன்றாக நேர்ந்தபோது மூட்டுநோயாளிகளின் வலி கூடியது. ஆய்வாளர்கள் ரெடல்மையரும் ட்வெர்ஸ்கியும் 1996இல் வெளியிட்ட ஆய்வு பதினெட்டு நோயாளிகளைப் பதினைந்து மாதம் கவனித்தும் வானிலைக்கும் வலிக்கும் தொடர்பெதையும் காணவில்லை. செல்பேசி வழியே ஆயிரக்கணக்கானோரின் பதிவுகளைத் திரட்டி 2019இல் வெளிவந்த மான்செஸ்டர் ஆய்வு மிதமான ஒரு தொடர்பைக் கண்டது. இவை அன்றாட வானிலையைப் பற்றியவை. இவற்றைக் கொண்டு ஹரிக்கேனைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல நான் துணியமாட்டேன்.

காதின் கதையை உறுதியாகச் சொல்ல வேண்டியதற்குக் காரணம் ஜன்னல். வெளியே அழுத்தம் விழுந்தால் வீடு உள்ளிருந்து வெடிக்கும், ஆகவே ஜன்னலைத் திறந்து சமன்செய்யுங்கள் என்ற அறிவுரை அமெரிக்காவில் தலைமுறைகளாக வழங்கிவந்தது. கதவிடுக்கும் கூரையடித் துளைகளும் உள்ள எந்தச் சாதாரண வீடும் அந்த மெதுவான இறக்கத்தைத் தானாகவே சமன்செய்துவிடும். திறந்த ஜன்னலோ காற்றை உள்ளே விடுகிறது. கூரையை மேலிருந்து உறிஞ்சும் விசையோடு கீழிருந்து தள்ளும் விசையும் சேர்கிறது. ஆண்ட்ரூவில் கார் கொட்டகைக் கதவும் ஜன்னலும் முதலில் போன பல வீடுகளில் கூரை அடுத்துப் போனது. 1994இல் திருத்தப்பட்ட தென் ஃப்ளோரிடா கட்டட விதிகள் ஜன்னல்களுக்குக் காப்பு வேண்டும் என்று கட்டாயமாக்கியது இந்தப் பாடத்தால்தான்.

காதை அடைப்பது காற்றின் மோதலே என்ற என் வாதத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பல செல்பேசிகளில் இன்று அழுத்த உணரி இருக்கிறது. புயலின் கண்ணைச் சூழ்ந்த கடுங்காற்று வளையமான கண்சுவர் கடக்கும் வீடுகளில் விநாடிக்கு விநாடி பதிவெடுத்து, காது அடைத்த நேரத்தை அதன்மேல் பொருத்திப் பார்க்கலாம். அழுத்தம் ஏறும்போது யூஸ்டேசியன் குழாய் தானே திறப்பதில்லை. விமானம் இறங்கும்போது காது அதிகம் வலிப்பது அதனால்தான். புயலின் பொது அழுத்தமே காரணம் என்றால், கண் கடந்தபின் அழுத்தம் ஏறும் வேளையில் உபாதை மிகுந்திருக்க வேண்டும். ஜன்னல்கள் எல்லாம் முழுதாக நின்ற வீடுகளிலும் அப்படியே பதிவானால், நான் மேலே சொன்னதைத் திருத்தி எழுத வேண்டிவரும்.